பின்பாட்டுக்கு ஆள் வேண்டும்: பினாங்கில் ஆண்கள் நாட்டுப்பாடல் குழு தொடங்க

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, பின்பக்கக் கொட்டகையில் நாலு ஆண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஏதோ ஒரு வரியை எடுப்பார். இரண்டாவது வரிக்கு மற்ற மூவரும் சேர்ந்துகொள்வார்கள். மேசையில் தாளம் விழும். மறுநாள் அதே நால்வரிடம் "நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ, நமக்கெல்லாம் பாட்டு வராதுங்க" என்று நழுவிவிடுவார்கள். இந்தக் கட்டுரை அந்த நாலு பேருக்காக.

நான் இருப்பது பினாங்கின் பெருநிலக் கரையில், பிறை என்கிற ஊர்ப் பக்கம். முதன்முதலில் ஒரு ஆண்கள் பாட்டுக் குழு தொடங்கியபோது வெளிநாட்டுக் குழுக்களின் காணொளிகளைப் பார்த்து மயங்கி, கறுப்புக் கோட்டு, கையில் கோப்பு, நாலு விதக் குரல் என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் பதினாலு பேர். ஐந்தாவது வாரம் மூன்று பேர். அதில் ஒருவர் என் மைத்துனர். அவருக்கு வேறு வழியில்லை. நம் பாட்டில் கூட்டுக்குரல் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பெயர் பின்பாட்டு என்பது எனக்கு உறைக்க ஒரு வருஷம் பிடித்தது. உங்களுக்கு அந்த ஒரு வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஆள்

எட்டுப் பேர் போதும். ஆறுக்குக் குறைந்தால், யாராவது ஒருவர் வராத நாளில் மற்றவர்களுக்குத் தன் குரல் தனியாகக் காதில் விழுந்து வெட்கம் வந்துவிடும். பதினைந்துக்கு மேல் போனால் பின்வரிசையில் வாயை மட்டும் அசைக்கிற ஆட்கள் முளைப்பார்கள்.

எங்கே தேடுவது? உறுமி மேளக் குழுவில் அடித்து, வயதானதும் ஒதுங்கிக்கொண்டவர்களைத் தேடுங்கள். தாளம் அவர்கள் உடம்பிலேயே இருக்கும். கோயில் பஜனைக் குழுவில் ஜால்ரா போடுகிறவர்கள், தேவார வகுப்புக்குப் போன பையன்கள், தமிழ்த் தேவாலயப் பாடகர் குழுவில் நிற்கிறவர்கள் எல்லாரும் உதவுவார்கள். கடைசியில் சொன்னவர்களில் ஒருவராவது இருப்பது நல்லது. பக்கத்தில் இருப்பவர் வேறு சுரத்தில் பாடும்போது தன் சுரத்தை விடாமல் பிடித்து நிற்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. அது பிறகு தேவைப்படும்.

அறுபது தாண்டியவர் ஒருவரும் இருபத்தைந்துக்குள் ஒருவரும் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். முன்னவரிடம் பாட்டு இருக்கும், பின்னவரிடம் கைப்பேசி இருக்கும்.

குரல் தேர்வு என்று ஒன்றை வைத்து யாரையும் பயமுறுத்தாதீர்கள். நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். திடலின் மறுகோடியில் ஒருவரை நிறுத்தி, வந்தவரிடம் "அவரக் கூப்பிடுங்க" என்பேன். "ஏ மாரிமுத்தூ...!" என்று அவர் நீட்டிக் கூப்பிடும் அந்தக் குரல்தான் நாட்டுப்பாட்டுக்கு வேண்டிய குரல். பெரும்பாலான ஆண்கள் பாடச் சொன்னால் ஒரு குரலும் கூப்பிடச் சொன்னால் வேறு குரலும் வைத்திருக்கிறார்கள். பாடச் சொன்னதும் வருவது சினிமாவில் கேட்டதைக் கொஞ்சம் பார்த்துச் செய்கிற குரல். கூப்பிடும்போது வருவது அவரவர் சொந்தக் குரல்.

இடமும் நேரமும்

தீவா, பெருநிலமா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலத்தில் மாட்டிக்கொண்டு வருகிறவர் பாடும் மனநிலையில் வரமாட்டார். இரண்டு கரையிலும் ஆள் இருந்தால் மாதம் மூன்று வாரம் ஒரு கரை, ஒரு வாரம் மறு கரை என்று வைக்கலாம்.

குளிர்சாதன அறை வேண்டாம். தொண்டை காய்ந்துவிடும். கோயிலின் பின்மண்டபம், வீட்டு முன்கொட்டகை, ரப்பர் தோட்டத்துப் பழைய திடல் எதுவானாலும் சரி. தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு என்றால் ஒன்பதரைக்கு முடித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவிக்கு முறுக்கும் கொடுத்து வையுங்கள். தைப்பூசத்துக்கு முந்தின இரண்டு வாரம் பயிற்சி வைக்காதீர்கள். பாதிப்பேர் விரதத்தில் இருப்பார்கள், மீதிப்பேர் தண்ணீர்மலைப் பாதையில் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருப்பார்கள். டுரியான் பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலிக் புலாவுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பாட வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு ஏறாது. பால் கலந்த தேத்தண்ணியும் பாட்டுக்குப் பிறகுதான்.

சுருதி வைப்பது

பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் இடறுகின்றன, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் வழக்கில் ஆர்மோனியத்தின் 'சி' சுரம் ஒரு கட்டை, 'டி' இரண்டு கட்டை, இடையில் இருக்கும் கறுப்புக் கட்டை ஒன்றரை. பயிற்சி பெறாத ஆண்கள் கூடிப் பாட ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் வைத்துக்கொள்வது வசதி. தோட்டத்துப் பெரியவர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டையில் அநாயாசமாகப் பாடுவார்கள். அது வெட்டவெளியில், ஒலிபெருக்கி இல்லாமல், அடுத்த மர வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று வளர்ந்த தொண்டை. அவரைப் பார்த்து மற்ற ஏழு பேரும் ஏற முயன்றால் இரண்டே பாட்டில் எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

பாட்டின் முதல் வரியை வைத்துச் சுருதியை முடிவு செய்யாதீர்கள். எங்கே அதிகம் ஏறுகிறதோ அந்த வரியை முதலில் பாடிப் பாருங்கள். யாருக்காவது கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். பிறகு மிகத் தாழ்ந்த வரியைப் பாருங்கள். அங்கே சத்தமே வராமல் காற்று மட்டும் வந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். நாட்டுப்பாட்டில் பெரும்பாலானவை ஐந்தாறு சுரத்துக்குள் சுற்றி வருகிறவை, ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஓர் இடம் கிடைத்துவிடும். சுருதிப்பெட்டி செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, பயிற்சி முழுக்க மெதுவாக ஓடவிடுங்கள். உற்சாகம் ஏறினால் சுருதி ஏறும், அலுப்புத் தட்டினால் இறங்கும். அது தவறு இல்லை. ஆனால் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மேற்கத்திய ஆண்கள் குழுக்களில் மேல்குரல் டெனர், நடுக்குரல் பாரிட்டோன், அடிக்குரல் பேஸ். அவர்களுக்கும் டெனர் கிடைப்பது குதிரைக் கொம்புதான். ஏனென்றால் ஆண்களில் பெரும்பாலோர் நடுக்குரல்காரர்கள். நம் குழுவில் இதற்காக யாரும் அலைய வேண்டாம்.

முதல் பாட்டு: ஏற்றம்

கம்பரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வழிப்போக்கில் ஏற்றம் இறைப்பவன் பாடுவதைக் கேட்டாராம். "மூங்கில் இலை மேலே தூங்கும் பனிநீரே" என்று பாடிவிட்டு அவன் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று கவிச்சக்கரவர்த்தி இரவெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. விடியற்காலையில் திரும்பி வந்து காத்திருந்தார். அவன் ஏற்றத்தில் ஏறிக்கொண்டே "தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே" என்றான்.

கதை நடந்ததோ இல்லையோ, புதுக் குழுவுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. ஏற்றப் பாட்டில் ஒரு வரி ஒரு சாலுக்கு, அதாவது நீர் மொள்ளும் ஒரு வாளிக்கு. மேலே துலா என்கிற நீள மரத்தில் நடப்பவரின் கால்தான் தாளம், கீழே சாலைப் பிடித்துக் கவிழ்ப்பவரின் மூச்சுத்தான் இடைவெளி. ஆகவே இப்படிச் செய்யுங்கள். எட்டுப் பேரையும் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்துங்கள். ஒரு வரிசை நாலடி முன்னே நடந்தபடி ஒரு வரியைப் பாடட்டும். அவர்கள் நின்றதும் எதிர்வரிசை அதே வரியை வாங்கிக்கொண்டு நடக்கட்டும். தாளம் போட ஒருவரும் வேண்டாம், கையால் காட்டவும் வேண்டாம். பத்து நிமிஷத்தில் பதினாறு கால்களும் ஒன்றாக விழும். எட்டுப் பேரையும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க வைக்க மணிக்கணக்காக விளக்க வேண்டியதில்லை, நடக்கவிட்டால் போதும்.

முதல் மாதத்தில் வேறெதுவும் வேண்டாம். இன்னொரு பாட்டு கேட்டால் அம்பா கொடுங்கள்.

அம்பா என்பது கடற்கரைப் பாட்டு. வலை இழுக்கும்போது, தோணி தள்ளும்போது மீனவர்கள் பாடுவது. தமிழ்நாட்டுக் கரையிலும் உண்டு, ஈழத்துக் கரையிலும் உண்டு. ஒருவர் ஒரு சொல்லைப் போட, மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்குவார்கள். அந்த "லோ" வருகிற இடத்தில்தான் இழுப்பு. வன்பொருள் கடையில் இருபதடித் தாம்புக் கயிறு ஒன்று வாங்குங்கள். இரு பக்கமும் நாலு நாலு பேர் பிடித்து, மெல்ல இழுத்தபடி பாடுங்கள். இழுக்கிற நேரத்தில் வயிறு தானாக இறுகும், குரல் அடிவயிற்றிலிருந்து வரும். இதையே பாட்டு வாத்தியார்கள் வயிற்றில் கை வைத்து மாதக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள்.

முன்வரியை அவரவர் சொந்தமாகக் கட்டச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் கட்டியது: "பாலம் தாண்டி வாரேன் / ஏலேலோ / பசியாறிட்டு வாரேன் / ஏலேலோ / டோல் காசு யாரு தாரா / ஏலேலோ." சிரித்துச் சிரித்து அன்றைக்குப் பயிற்சியே நின்றுபோனது. ஆனால் அதற்குப் பிறகு அவர் "எனக்குப் பாட்டு வராது" என்று சொன்னதில்லை.

ஊருக்கு ஊர் வேறு பாட்டு

இரண்டாவது மாதம் ஒரு சிக்கல் வரும். ஒருவர் ஒரு பாட்டை எடுப்பார். இன்னொருவர் "எங்க வீட்டுல இப்படிப் பாடமாட்டாங்க" என்பார். சண்டை வரும்போல இருக்கும். வரட்டும். குழு உருப்படப் போகிறது என்று அர்த்தம்.

இங்கே தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. வடஆற்காடு, செங்கற்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பல ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்தார்கள். உதவித்தொகையோடு கூலியாட்களை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தும்வரை கப்பல் கப்பலாக ஆள் வந்தது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னே வெவ்வேறு சீமையின் பாட்டு இருந்தது. ரயில்வேக்கும் கணக்கு வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத்தார் வீட்டில் வேறு பாட்டு. சூலியாத் தெருவின் நாகூர் தர்கா பக்கம் போனால் அது இன்னொரு மரபு. இதையெல்லாம் ஒரே மெட்டில் தேய்த்து, ஒரே உச்சரிப்பில் கழுவி, 'தமிழ் நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரு பொட்டலம் கட்டாதீர்கள். நான் கண்ட பெரும்பாலான மேடைக் குழுக்கள் அதைத்தான் செய்கின்றன. ஏழு பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்கிறது.

சீமைக்கு ஒன்றாக எடுத்துப் பழகுவது எங்கள் வழி. நாங்கள் தொடங்கிய நாலு இவை.

தஞ்சைப் பக்கத்து லாவணி ஆண்கள் குழுவுக்கென்றே செய்தது போல இருக்கும். மராத்தியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த வடிவம். சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று எதிர்க்கட்சி. டேப்பு என்கிற தோல்கருவியை அடித்துக்கொண்டு பாட்டாலேயே கேள்வி, பாட்டாலேயே மறுப்பு. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே பெயர். குழுவை இரண்டாகப் பிரித்து, காமனை விட்டுவிட்டு, நாசி கண்டார் சோறு உசத்தியா தோசை உசத்தியா என்று வாதாட விடுங்கள். எதிர்க்கட்சி முடிக்கும் எழுத்தைப் பிடித்து நீங்கள் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால், காது தானாகத் தீட்டப்படும்.

காவடிச் சிந்து உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடியவை அந்த வகைக்கே முன்மாதிரியாக நிற்கின்றன. மும்மூன்றாகத் துள்ளும் திசிர நடை, அடிக்கு அடி எதுகை, நாக்கைச் சுழற்றும் சந்தம். இங்கே எச்சரிக்கை ஒன்று. நம் பையன்கள் உறுமியின் வேகத்தில் இதைப் பாடப் பார்ப்பார்கள். அந்த வேகத்தில் எதுகை கேட்காது. சொல் கேட்காத சிந்து எதற்கு? பாதி வேகத்தில், கைத்தட்டல் மட்டும் வைத்துப் பாடிப் பழகுங்கள்.

தென்பாண்டி வில்லுப்பாட்டில் பாடத் தெரியாதவருக்கும் வேலை உண்டு. புலவர் கதையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட வேண்டும். இந்த "ஆமா" லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். ஆச்சரியத்துக்கு ஓர் ஆமா, நம்பாமைக்கு ஓர் ஆமா, கதாநாயகன் செத்ததும் ஓர் ஆமா. கூச்சக்காரர்களை நான் முதலில் இந்த வேலைக்குத்தான் போடுவேன்.

கொங்குச் சீமையில் உடுக்கையோடு பாடும் அண்ணன்மார் சாமி கதையைக் கற்க ஆசைப்பட்டோம். ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டோம். அது வழிபாட்டோடு ஒட்டிய பாட்டு, சில கட்டங்களில் கேட்பவருக்கு அருள் வரும். பயிற்சிக் கொட்டகையில் ஒருவர் கண் செருகி ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியவில்லை. அந்த மரபில் வளர்ந்த மூத்தவர் ஒருவர் உடன் இருந்தால் தவிர, இத்தகைய பாட்டைத் தொடாதீர்கள்.

உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். "போறவளே" என்று பாட்டில் இருந்தால் அதைப் "போகின்றவளே" ஆக்கினால் ஓர் அசை கூடித் தாளம் நொண்டும். தமிழாசிரியர் யாராவது குழுவில் இருந்தால் அவரிடம் இதை முன்கூட்டியே, பணிவாக, தனியாகச் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்துப் பாட்டைச் சேர்ப்பது

இதுதான் குழுவின் சொத்து. தமிழ்நாட்டுப் பாட்டை யாரும் வலைத்தளத்தில் கேட்டுக்கொள்ளலாம். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு எழுப்பும் பாட்டு, கிராணி என்கிற தோட்டத்துக் கணக்கரைக் கிண்டல் செய்யும் பாட்டு, கள்ளுக்கடைப் பாட்டு, கப்பலேறி வந்த கதை, ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாதவரைப் பற்றிய புலம்பல் எல்லாம் இந்த மண்ணில் கட்டப்பட்டவை, பாடத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கமும் தெற்குக் கெடாவிலும் பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. ஆட்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அங்கேதான் போக வேண்டும்.

போகும் முறை: இருவர் போங்கள், கூட்டமாகப் போகாதீர்கள். பழமோ ரொட்டியோ வாங்கிக்கொண்டு போங்கள். உட்கார்ந்ததும் "பாட்டு பாடுங்க பாட்டி" என்று கேட்காதீர்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் பெரட்டு, பாலெடுக்க எத்தனை மரம் வெட்டுவீர்கள், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார்கள், ஒட்டுப்பாலை எதில் போடுவீர்கள். உளி பிடித்த கை பேச்சிலேயே அசைய ஆரம்பிக்கும். பாட்டு அந்தக் கையின் பின்னாலேயே வரும். எனக்கு ஒரு முறை நாற்பது நிமிஷம் கழித்து, சமையலறையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கும்போது வந்தது.

கைப்பேசியை மேசைமேல் ஒரு துணியை மடித்து வைத்து அதன்மேல் வையுங்கள். அடியதிர்வு ஏறாது. மின்விசிறியை அணைக்க அனுமதி கேளுங்கள். பாட்டைப் பாதியில் நிறுத்தி வரி கேட்காதீர்கள். முடிந்த பிறகு, எந்தத் தோட்டம், யாரிடம் கேட்டது, அவர்கள் சொந்த ஊர் எது, எந்த நேரத்தில் பாடுவது என்ற நாலையும் பதிவிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் மறந்துபோகும். பொதுவில் பாட ஒப்புதலா என்பதையும் அவர் வாயால் சொல்லி வாங்குங்கள். சில பாட்டு வீட்டோடு இருக்க வேண்டியது. மரண வீட்டு ஒப்பாரியை எங்கள் குழுப் பையன் ஒருவன் பிறந்தநாள் விருந்தில் "கேளுங்க, சூப்பர் மெட்டு" என்று எடுத்துவிட்டான். அந்த வீட்டுப் பெரியம்மா எழுந்து உள்ளே போய் விளக்கேற்றினார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டு வாசலை மிதிக்க ஆறு மாதம் ஆயிற்று.

ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு எல்லாம் பெண்கள் மரபு. ஆண்கள் குழு அவற்றைப் பாடக்கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லிக்கொடுத்த பெண்ணின் பெயரை மேடையில் சொல்லாமல் பாடுவது திருட்டு. சாதியைச் சொல்லி இழிக்கும் வரிகளும் சேகரிப்பில் வரும். நாங்கள் அவற்றை அப்படியே பதிவு செய்து வைக்கிறோம், பாடுவதில்லை.

இரண்டாம் குரல்

ஆறு மாதம் ஒரே குரலில் பாடிய பிறகு, யாராவது "அண்ணே, வெளிநாட்டுக் குழு மாதிரி ரெண்டு மூணு குரல்ல பாடலாமே" என்று ஆரம்பிப்பார். பாடலாம். எவர் மாதிரி என்பதில்தான் கவனம் வேண்டும்.

வேல்ஸ் நாட்டு ஆண்கள் குழுக்கள் உலகப் புகழ். 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கமும் தேவாலயமும் சேர்ந்து வளர்த்தவை. டிரியோர்க்கி குழு 1883இல் தொடங்கியது. கோடு போட்ட இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளிகள், ஜான் கர்வென் பரப்பிய டோனிக் சோல்ஃபா முறையில், நம் ச ரி க ம போல எழுத்துகளை வைத்தே நாலு குரல் பாட்டைக் கற்றார்கள். அந்தப் படிப்பு முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய நாலு சுர அடுக்கை எடுத்தால் நம் பாட்டு விறைத்துப்போகும். நம் மெட்டில் சுரம் நின்று நிற்காது, குழைந்து வழுக்கும். அடுக்கில் நிற்கும் மற்ற மூவரும் அந்த வழுக்கலோடு ஓட முடியாது. என் பதினாலு பேர் மூன்று பேர் ஆனது இதனால்தான்.

நமக்கு நெருக்கம் ஜார்ஜியா. காக்கசஸ் மலையடிவாரத்துச் சின்ன நாடு. அங்கேயும் சீமைக்குச் சீமை கூட்டுக்குரல் மாறும். கிழக்கே ககேட்டியில் அடிக்குரல்காரர்கள் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்க, மேலே இரண்டு குரல் மட்டும் வளைந்து நெளிந்து போகும். மேற்கே குரியாவில் மூன்று குரலும் மூன்று வழியில் ஓடும், மேல்குரல் கோழி கூவுவதுபோல் உடைந்து தாவும். மலைமேல் ஸ்வனேட்டியில் மூன்றும் ஒட்டிக்கொண்டு நகரும். 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத்தட்டில் ஜார்ஜிய ஆண்கள் பாடிய பாட்டு ஒன்றும் போயிருக்கிறது. 2001இல் யுனெஸ்கோ இந்தப் பாட்டு மரபைச் சிறப்பித்து அறிவித்தது.

ககேட்டி முறையைக் கேட்டதும் எனக்கு நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுதான் நினைவுக்கு வந்தது. அதையே செய்தோம். மூன்று தாழ்குரல்காரர்கள் "ஓ" என்று சட்ஜத்தை, அதாவது 'ச'வைப் பிடித்துக்கொள்வார்கள், மற்ற ஐவர் பாட்டைப் பாடுவார்கள். ஒத்துக்காரர்கள் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாங்கி முடித்த பிறகு இவர் வாங்க வேண்டும், மூச்சு வாங்கித் திரும்பும்போது சத்தமில்லாமல் உள்ளே நுழைய வேண்டும். இரண்டு மாதம் இதை மட்டும் செய்யுங்கள். அப்புறம் அந்த ஒத்துச் சுரத்தைச் சில வரிகளில் பஞ்சமத்துக்கு, அதாவது 'ப'வுக்கு நகர்த்திப் பாருங்கள். நாங்கள் இன்னும் அதைத் தாண்டவில்லை, தாண்ட அவசரமும் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் ஜூலு ஆண்கள் பாடும் இசிகத்தாமியாவையும் கேளுங்கள். ஊரை விட்டுச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்கள் தொழிலாளர் விடுதிகளில் வளர்த்தது. ஒருவர் முன்பாட்டு, மேலே ஓரிரு குரல், மிச்சம் அத்தனை பேரும் அடிக்குரல். பூனைபோல் மெத்தென்று காலடி வைத்து ஆடுவார்கள். பெயரே அந்த மெல்லடியைக் குறிப்பது. லயத்து ஆண்களுக்கு இது புரியாமல் போகாது.

அக்கம்பக்கம்

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பினாங்கிலேயே போரியா இருக்கிறது. முஹர்ரம் கொண்டாட்டத்திலிருந்து கிளைத்து, இந்திய முஸ்லிம்கள் வழியாக இங்கே வேர்விட்டு, மலாய்க்காரர் கலையாகிவிட்டது. துக்காங் காராங் என்கிற முன்பாட்டுக்காரர் கண்ணி கண்ணியாகப் பாட, பின்பாட்டுக் கூட்டம் ஆடிக்கொண்டே பல்லவியைத் திருப்பிப் பாடும். கிளந்தானின் டிகிர் பாராட்டில் அவோக்-அவோக் என்கிற கூட்டம் சப்பணமிட்டு உட்கார்ந்து கையும் தோளுமாக ஒரே அலையாக அசையும். நம் பையன்கள் பள்ளியில் மலாய் நண்பர்களோடு சேர்ந்து டிகிர் பாராட் ஆடியிருப்பார்கள். அவர்களையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி பாடும்போது கையை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் நம் ஆட்களுக்கு நல்ல மருந்து.

பதிவும் காசும்

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் ஏழு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூடும் அமைப்பைச் சங்கமாகக் கருதுகிறது; சங்கப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். இதற்கு அலைய முடியாதவர்கள், ஏற்கெனவே பதிவு பெற்ற கோயில், மன்றம், குடியிருப்போர் சங்கம் ஒன்றின் கலைப்பிரிவாக இருந்துகொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம். தலைவர், செயலாளர் தேர்தல் இல்லாததால் குழு உடையாமலும் இருக்கிறது.

பரம்பரைப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் அதே மெட்டைச் சினிமாவுக்கு எடுத்துப் புதுவரி போட்டிருந்தால், அந்த வரிக்கு உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை அந்த உரிமை நீடிக்கும். பதிவேற்றும் முன் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) வாங்குங்கள். கயிறு, பிஸ்கட், தேத்தண்ணி, பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது பழம். வேறு செலவு என்ன?

முதல் மேடை

மேடையே வேண்டாம். முதியோர் இல்லம், கல்யாண முந்தின இரவு, ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயில் முற்றம், இவற்றில் ஒன்றில் தொடங்குங்கள். நாலே பாட்டு, இருபது நிமிஷம். தாளைப் பார்த்துப் பாடக்கூடாது. மறந்துபோனால் முன்பாட்டுக்காரர் சொல்வதைத் திருப்பிப் பாடினால் ஆயிற்று, அதற்குத்தானே பின்பாட்டு இருக்கிறது. அரைவட்டமாக நில்லுங்கள், முன்பாட்டுக்காரர் நடுவில், ஒத்துப் பிடிப்பவர்கள் அவருக்குப் பின்னால் நெருக்கமாக. ஒலிபெருக்கி வாடகைக்காரர் ஆளுக்கொரு மைக் கொடுக்க வருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பாட்டுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு நாலடி தள்ளி ஒன்று, மொத்தம் இரண்டு. எதிரொலிப் பொத்தானை அவர் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அங்கேயே நிறுத்துங்கள்.

கேட்பவர்களில் யாராவது ஒரு பெரியவர் மூன்றாவது பாட்டில் கையைத் தூக்கி, "தம்பி, அந்த வரி அப்படி இல்ல" என்பார். பாட்டை அங்கேயே நிறுத்துங்கள். நாற்காலி ஒன்றை முன்னே இழுத்துப் போட்டு, மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, பதிவுக் கருவியை ஓடவிடுங்கள்.